சித்திரைக்கு ஒரு இலை, விஷுவுக்கு ஒரு இலை: அம்மாவின் சந்தகையை எழுதி வைக்க உதவுங்கள்

கொன்றைப்பூ டீச்சர்
10 ஏப்ரல் 2023, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கேரளாவில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் உயர்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். மார்ச் 31-ஆம் தேதியோடு பள்ளிக்கூடம் அடைத்தாயிற்று. பிள்ளைகளுக்கு இனி ஜூன் பிறக்கும் வரை லீவு. எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. வேல்யுவேஷன் கேம்ப். காலையில் ஏழரை பஸ்ஸைப் பிடித்துப் போய், நாள் முழுக்கத் தாள் திருத்தி, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சுவரைத் தொட முடியாது, அத்தனை சூடு.

கேம்பில் மத்தியானச் சாப்பாடு மட்டும் நன்றாக இருக்கிறது. நேற்று ஈஸ்டர் முடிந்தது, அதனால் இன்று ஒரு டீச்சர் வட்டயப்பம் கொண்டு வந்து எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்தார். பக்கத்து மேசை டீச்சருக்கு நோன்பு. அவர் பங்கை ஒரு டப்பாவில் எடுத்து வைத்து, போகும்போது கையில் கொடுத்து அனுப்பினோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு 78 வயது. பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். போன தீபாவளியிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். அத்தை, அதாவது என் மாமியார், சித்தூர்க்காரர். ஆந்திரா சித்தூர் இல்லை, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் அடுப்படி முழுக்க மலையாளம். என் மகள் என் அம்மாவை அம்மிச்சி என்பாள், அத்தையை அச்சம்மா என்பாள்.

இந்த வருஷம் சித்திரை ஒன்று 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. மலையாளிகளின் சித்திரைப் பண்டிகையான விஷு 15-ஆம் தேதி சனிக்கிழமை. விடியலில் கண் திறந்ததும் முதலில் பார்க்கப் பழம், பூ, காசு, கண்ணாடி எல்லாம் அடுக்கி வைப்போமே, அந்தக் கனி அம்மாவுக்குச் சித்திரைக்கனி, அத்தைக்கு விஷுக்கனி. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கும் முதல் சித்திரை இது. இரண்டு நாளும் எனக்கு கேம்ப் கிடையாது. இரண்டு பேர் கையாலும் இலை போட வேண்டும் என்று ஆசை.

அத்தை சமையலுக்கு அளவு எனக்குத் தெரியும், பதினைந்து வருஷமாகக் கூட நின்று செய்கிறேன். அம்மாவின் சந்தகைதான், அதாவது புழுங்கல் அரிசி மாவை வேக வைத்து அச்சில் இழை இழையாகப் பிழிகிற பலகாரம்தான், எனக்கு வரவில்லை. போன மாதம் நானாக ஒரு முறை செய்தேன். முதல் ஈடு சரியாக வந்தது. அப்புறம் பிழியப் பிழியத் துண்டு துண்டாக உதிர்ந்தது, கையும் வலித்துப் போனது. அம்மாவிடம் கேட்டால் "ஒரு கைப்பிடி, கொஞ்சம், பார்த்துப் போடு" என்கிறார். இப்போதெல்லாம் உப்புப் போட்டோமா என்று இரண்டு தடவை கேட்கிறார். அவர் சொல்ல முடிகிற காலத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பதைப்பாக இருக்கிறது. சந்தகை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் கனி எந்த நாள் என்பதையும் எழுதுங்கள்.

பொள்ளாச்சிப் பெரியம்மா
10 ஏப்ரல் 2023, இரவு 10.25

கண்ணு, முதலில் அரிசியைப் பார். இட்லிப் புழுங்கல் அரிசிதான் வேண்டும். பச்சரிசி கலந்தால் விண்டு போகும். கேரளத்துச் சிவப்பு மட்ட அரிசி வேண்டாம், நிறமும் வராது, மென்மையும் வராது. நாலைந்து மணி நேரம் ஊற வைத்து, கையில் எடுத்துத் தேய்த்தால் நொய் தட்டாத அளவுக்கு மைய ஆட்டு. இட்லிக்கு மாதிரி புளிக்க விடாதே, ஆட்டின உடனே ஊற்றிவிட வேண்டும். மாவு தோசைப் பதத்துக்கும் இட்லிப் பதத்துக்கும் நடுவில் இருக்கட்டும்.

இட்லித் தட்டில் துணி போட்டு ஊற்றி வேக வை. வெந்ததும் சுடச்சுட அச்சில் போட்டுப் பிழி. எங்கள் மாமியார் வீட்டில் முக்காலி மாதிரி காலுள்ள மர அச்சு இருந்தது. இரண்டு ஆம்பிளைகள் அழுத்துவார்கள், நாங்கள் கீழே தட்டைத் திருப்பித் திருப்பிப் பிடிப்போம். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் முதல் பலகாரம் அதுதான்.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பால், எள்ளும் வெல்லமும் இடித்த பொடி. மிச்சத்தைத் தாளித்து எலுமிச்சை பிழிந்தால் ராத்திரிக்கு ஆச்சு.

வேலந்தாவளம் விவசாயி
11 ஏப்ரல் 2023, காலை 6.10

டீச்சர், எங்கள் வீட்டிலும் இதே கதைதான். வீடு கேரளாவில், தென்னந்தோப்பு தமிழ்நாட்டில். வீட்டுக்காரி கோயம்புத்தூர்ப் பக்கம். போன வருஷமும் இரண்டு நாளாகத்தான் வந்தது. எந்த நாள் கனி வைப்பது என்று காலையில் ஒரு சண்டை, சாயங்காலம் ஒரு சமாதானம். ஒரே வெயில், ஒரே காற்று, செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நாள், அந்தப் பக்கம் ஒரு நாள் என்றால் எப்படி? பேசாமல் 14-லேயே எல்லாம் வைத்து முடித்துவிடலாம் என்பது என் கட்சி.

கொன்றைப் பூ வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் வரப்பு மரம் மார்ச்சிலேயே பூத்துக் கொட்டிவிட்டது. இப்போது உச்சிக் கிளையில் நாலு சரம் மட்டும் தொங்குகிறது. கனி வெள்ளரி என் கொடியில் மஞ்சளாகத் திரண்டு கிடக்கிறது, உங்களுக்கு ஒன்று எடுத்து வைக்கிறேன்.

ஓய்வு பெற்ற மாஷ்
11 ஏப்ரல் 2023, காலை 11.30

வேலந்தாவளத்துத் தம்பிக்கு: இதில் செக்போஸ்ட் செய்த குற்றம் ஒன்றுமில்லை. இரண்டு கணக்கும் சூரியன் மேஷ ராசிக்குள் நுழைகிற நேரத்தை வைத்துத்தான். அந்த நேரம் பகல் பொழுதில், அஸ்தமனத்துக்கு முன் வந்தால், தமிழ்ப் பஞ்சாங்கத்தில் அன்றே சித்திரை ஒன்று. விஷுக்கனி அப்படி இல்லை. சூரியன் நுழைந்த பிறகு வருகிற விடியலில்தான் கனி காண வேண்டும். இந்த வருஷம் 14-ஆம் தேதி பிற்பகலில்தான் நுழைகிறது. அன்று காலை விடியும்போது இன்னும் மீன ராசியில்தான் இருக்கும். அதனால் கனி மறுநாள் விடியலில்.

இந்த நேரம் வருஷத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் தள்ளிக்கொண்டே போகும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பிப்ரவரி 29 வந்து இழுத்துப் பிடிக்கும். அதனால்தான் 2020, 2021-ல் இரண்டும் ஒரே நாள், 2022, 2023-ல் தனித்தனி நாள். அடுத்த வருஷம் இரண்டும் 14-ஆம் தேதியே சேர்ந்து வரும். இரண்டு வருஷம் சேர்ந்தும் இரண்டு வருஷம் பிரிந்தும் வருவது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. வகுப்பில் இதை வரைந்து காட்டும்போது கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

டீச்சருக்கு ஒரு வார்த்தை. முதல் ஈடு நன்றாக வந்து, அடுத்தடுத்து உதிர்ந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் அரிசியிலோ மாவிலோ பிழை இல்லை. வெந்த அரிசி மாவு ஆற ஆற இறுகும். எல்லா இட்லியையும் ஒரே நேரத்தில் வேக வைத்து எடுத்து வைத்துவிட்டு, ஒன்றொன்றாகப் பிழிந்தீர்களா?

நாஞ்சில் பேத்தி
11 ஏப்ரல் 2023, மாலை 4.15

நான் கன்னியாகுமரி மாவட்டம், மார்த்தாண்டம் பக்கம். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. மாநிலம் மாறியது, கனி வைக்கிற உருளிப் பாத்திரம் மாறவில்லை. எங்கள் பாட்டி கடைசி வரை விஷுக்கனி என்றுதான் சொன்னார். கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடி முன்னால் நிறுத்தித்தான் கையை எடுப்பார். கைநீட்டமாக, அதாவது பெரியவர்கள் கையில் கொடுக்கும் காசாக, ஒரு ரூபாய். கடைசி வருஷம் அவருக்குக் கண் தெரியவில்லை. நான் அவர் கையைப் பிடித்து வெள்ளரிக்காய், தேங்காய், நெல் என்று ஒவ்வொன்றாகத் தொட வைத்தேன். "எல்லாம் இருக்கு" என்றார்.

டீச்சர், அம்மா சொல்வதைப் போனில் பதிவு செய்து வையுங்கள். எங்கள் பாட்டியின் தீயல் குழம்பு ருசி நாக்கில் இருக்கிறது, அதை எப்படிச் செய்தார் என்று கேட்டு வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நகரி நெசவு
11 ஏப்ரல் 2023, இரவு 8.50

ஆந்திரா நகரியிலிருந்து. எங்களுக்கு வருஷப் பிறப்பு இரண்டு தடவை வரும். உகாதி மார்ச் 22-லேயே போய்விட்டது, அது சந்திரனை வைத்துப் போடும் கணக்கு. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆனாலும் உகாதி அன்று தறியை நிறுத்தாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. வேப்பம்பூ, புது வெல்லம், புளி, மாங்காய், உப்பு, காரம் எல்லாம் சேர்த்துப் பச்சடி. மூன்று வாரம் கழித்து சித்திரைக்கு மறுபடியும் மாங்காய்ப் பச்சடி. இரண்டாவது தடவை வேப்பம்பூவை நெய்யில் வறுத்து மேலே தூவுவோம், உகாதிப் பச்சடியில் பச்சையாகவே போடுவோம். அந்த ஒரு வித்தியாசத்தை எங்கள் அம்மா விட்டுக் கொடுத்ததே இல்லை.

வேலந்தாவளத்து அண்ணா, இரண்டு நாள் வந்தால் இரண்டு நாளும் சாப்பிடுங்கள். இதில் என்ன சண்டை?

கொன்றைப்பூ டீச்சர்
12 ஏப்ரல் 2023, இரவு 10.05

மாஷ் சொன்னது அப்படியே சரி. நான் மூன்று தட்டையும் ஒன்றாக ஏற்றி இறக்கி, மூடி வைத்துவிட்டு, நிதானமாகப் பிழிந்தேன். நன்றி மாஷே.

இன்று ராத்திரி அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து வெள்ளோட்டம் பார்த்தோம். மகள் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவளுக்கு ஒரு யோசனை. "அம்மிச்சி, கைப்பிடி கைப்பிடி என்கிறாயே, உன் கைப்பிடியை நான் நிறுத்துப் பார்க்கிறேன்" என்று தராசைக் கொண்டு வந்து வைத்தாள். அம்மா அரிசியை அள்ளிப் போட்டார். 62 கிராம். மறுபடியும் அள்ளச் சொன்னாள், 59. மூன்றாவது தடவை 60. அப்புறம் என்னை அள்ளச் சொன்னாள், 78. அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உனக்கு உங்கப்பன் கை" என்றார். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கொஞ்ச நேரம் நாங்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை.

தேங்காய்த் துருவல், எள்ளு, வெல்லம் எல்லாவற்றுக்கும் அம்மா கைப்பிடியில்தான் கணக்கு சொல்வார். அத்தனையும் என் கையால் அள்ளினால் கூடிப்போகத்தான் செய்யும். மகள் நோட்டில் எல்லாவற்றையும் கிராமில் எழுதிக்கொண்டாள்.

இந்த இரண்டு நாள் கதையைக் கேட்டதும் கும்ப மாதம் (நம் மாசி) என் வகுப்பில் நடந்தது ஞாபகம் வந்தது. சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படை நடக்கும் இல்லையா, கொங்குப் படை வந்து தோற்றதைக் கொண்டாடுகிற திருவிழா. அடுத்த நாள் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், நாம் கொங்குக்காரர்கள்தானே, அப்போது நாம் தோற்ற பக்கமா, ஜெயித்த பக்கமா?" என்றான். வகுப்பு முழுக்கக் கப்சிப். நேற்று திருவிழாவில் யாரோடு நின்று பார்த்தாய் என்று கேட்டேன். கூட்டுக்காரர்களோடு, அதாவது சிநேகிதர்களோடு, என்றான். என்ன சாப்பிட்டாய் என்றேன். பொரி, அல்வா, கரும்புச்சாறு என்று பட்டியல் போட்டான். கூட்டுக்காரர்களில் பாதிப் பேர் மலையாளம் மீடியம். சரி, அந்தப் பக்கம்தான் உன் பக்கம் என்று சொல்லி உட்கார வைத்தேன். நான் சொன்னது சரியா என்று இன்றும் யோசிக்கிறேன்.

மறையூர்க் கரும்பு
13 ஏப்ரல் 2023, காலை 7.20

டீச்சர், நானும் வாத்தியார்தான், இடுக்கி மாவட்டம் மறையூரில். தேங்காய்ப்பாலுக்கு எங்கள் ஊர்ச் சர்க்கரை போட்டுப் பாருங்கள். இங்கே சர்க்கரை என்றால் உருண்டை வெல்லம். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உப்புக் கரிக்காது, இஞ்சி போட்ட மாதிரி ஒரு வாசனை இருக்கும்.

ஒன்று மட்டும் கவனம். வெல்லப்பாகு கொதிக்கும்போது முதல் பாலை ஊற்றினால் திரிந்துவிடும். வெல்லத்தை இரண்டாம் பாலில் கரைத்து வடிகட்டிக் கொதிக்க விட்டு, அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு முதல் பால். ஏலக்காயும் சுக்கும் கடைசியில்.

கொன்றைப்பூ டீச்சர்
14 ஏப்ரல் 2023, இரவு 9.15

எல்லோருக்கும் சோபகிருது வருஷ வாழ்த்துகள்.

விடியற்காலை நாலரைக்கு அம்மாவே எழுந்துவிட்டார். ராத்திரியே பித்தளைத் தட்டில் மாம்பழம், வாழைப்பழம், எலுமிச்சை, வெற்றிலை பாக்கு, என் தாலிக்கொடி, சில்லறைக் காசு, எல்லாவற்றுக்கும் பின்னால் கண்ணாடி என்று அடுக்கி வைத்திருந்தார். வேலந்தாவளத்து அண்ணன் கொடுத்து அனுப்பிய கொன்றைச் சரத்தில் ஒன்றை மட்டும் இதற்கு எடுத்துக்கொண்டு, மீதியை ஈரத்துணியில் சுற்றி அத்தையிடம் கொடுத்தார். அத்தை அதை வாங்கிக் கிணற்றடி நிழலில் வைத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்கத் தேவையே இருக்கவில்லை.

அப்புறம் சந்தகை. பாதி சமையலில் மிக்சி சூடாகி நின்றுவிட்டது. அத்தை அம்மிக்கல்லைக் கழுவி எள்ளையும் வெல்லத்தையும் அதிலேயே தட்டினார். மாவு ராத்திரியே கிரைண்டரில் ஆட்டி பிரிட்ஜில் வைத்திருந்தேன். அதற்கு அம்மா, "வைத்ததுதான் வைத்தாய், கொஞ்சம் முன்னாலேயே வெளியே எடுத்திருக்க வேண்டும்" என்றார்.

அடுப்பில் இட்லிப் பானை. பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு அச்சு. ஒரு தட்டு வெந்து இறங்கும்போது அடுத்த தட்டு ஏறும். அம்மா அச்சின் குழியில் எண்ணெய் தடவி, இட்லியைத் துணியோடு கவிழ்த்து, விரலில் சூடு படாமல் துணி நுனியாலேயே உள்ளே தள்ளினார். வீட்டுக்காரர் அழுத்தினார். இழை கீழே இறங்கும்போது அம்மா தட்டை வட்டமாகச் சுற்றிக்கொண்டே வந்தார். ஒரு இழை அறுபடவில்லை. "இப்போ நீ" என்று அவர் என்னைப் பார்த்ததும் என் கை நடுங்கியது. முதல் சுற்று கோணலாகப் போனது, இரண்டாவது சுற்று சரி.

இலையில் சந்தகை, தேங்காய்ப்பால், எள்ளுப்பொடி, மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், பச்சைப்பயறு கடைசல், பருப்பு வடை. அத்தை தன் பங்குக்கு ஒரு இடிச்சக்கைத் தோரன். பலாப்பிஞ்சை வேக வைத்து இடித்துத் தேங்காய் போட்டு வதக்குவது. அம்மா அதை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார்.

அடுத்த வீடு ராவுத்தர் குடும்பம், நோன்பு நடக்கிறது. பகலில் கொடுக்க முடியாது. அதனால் கடைசி இரண்டு தட்டு மாவை நிறுத்தி வைத்து, சாயங்காலம் பாங்கு சொல்ல அரை மணி இருக்கும்போது சுடச்சுடப் பிழிந்து தூக்குப் பாத்திரத்தில் கொண்டு போய்க் கொடுத்தேன். இந்த ஈடு முழுக்க நான்தான் பிழிந்தேன்.

பொள்ளாச்சிப் பெரியம்மா
14 ஏப்ரல் 2023, இரவு 9.50

கண்ணு, துணி நுனியால் தள்ளினார் என்று எழுதினாயே, அதைப் படித்ததும் என் மாமியாரே எதிரில் வந்து நின்ற மாதிரி இருந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். உங்கம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

வேலந்தாவளம் விவசாயி
15 ஏப்ரல் 2023, காலை 5.55

இந்த வருஷம் இரண்டு நாளும் கனி வைத்துவிட்டோம். மாஷ் போட்ட கணக்கை வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். சண்டை வரவில்லை. பையனுக்கு இரண்டு நாளும் கைநீட்டம், அவனுக்குத்தான் கொள்ளை லாபம்.

கொன்றைப்பூ டீச்சர்
15 ஏப்ரல் 2023, மாலை 6.30

இன்று அத்தையின் நாள். உருளியில் அரிசி, அண்ணன் கொடுத்த கனி வெள்ளரி, தேங்காய், மடித்த கசவுமுண்டு, வால்கண்ணாடி, கொன்றைப் பூ. பூ கிணற்றடியில் இருந்ததால் ஒரு இதழ்கூட வாடவில்லை. அத்தை முதலில் அம்மாவின் கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் மூத்தவர் அம்மாதான், அதனால் அவரே முதலில் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

மத்தியானம் அவியல், காளன், பப்படம், சந்திரக்காரன் மாம்பழத்தில் புளிசேரி. அந்த மாம்பழம் கைக்குள் அடங்குகிற அளவுதான். தோலை உரித்துக் கொட்டையோடு முழுசாகப் போடுவார். இலையில் போட்டதும் பிழிந்து சோற்றில் பிசைந்துகொள்ள வேண்டும்.

சாப்பிடும்போது அம்மா "நேற்று சித்திரை வந்துச்சா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். வந்தது, நீதான் சந்தகை செய்தாய் என்றேன். "உப்புச் சரியா இருந்துச்சா?" என்றார். சரியாக இருந்தது என்று மகள் நோட்டைக் கொண்டு வந்து காட்டினாள்.

நாஞ்சில் பேத்தி
15 ஏப்ரல் 2023, இரவு 8.20

படித்துவிட்டு அழுதேன் டீச்சர். அந்த நோட்டில் இருக்கும் அளவை இங்கே போடுவீர்களா? தேங்காய்ப்பாலுக்கும் சேர்த்து.

கொன்றைப்பூ டீச்சர்
23 ஏப்ரல் 2023, காலை 10.40

தாமதத்துக்கு மன்னிக்கவும், கேம்ப் வேலை நெட்டி வாங்கிவிட்டது. நேற்று பெருநாள். தூக்குப் பாத்திரம் திரும்பி வந்தது. அவர்கள் வீட்டிலிருந்து ஒரு பாத்திரமும் வெறுமையாக வந்ததில்லை. அன்றைக்கு நோன்புக் கஞ்சி வந்தது என்றால் நேற்று பிரியாணி, தனியாக ஒரு கிண்ணத்தில் தயிர்ப் பச்சடி. அம்மாவுக்குக் காரம் ஆகாது என்று அவருக்கு மட்டும் வெள்ளைச் சோறும் ஆணமும் (குழம்பு).

அளவு இதோ, ஆறு பேருக்கு. இட்லிப் புழுங்கல் அரிசி அம்மா கைக்குப் பன்னிரண்டு பிடி, அதாவது 720 கிராம். ஐந்து மணி நேரம் ஊறல். உப்பு இரண்டு டீஸ்பூன். மாவில் நல்லெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். பெரிய தேங்காய் இரண்டு, முதல் பாலைத் தனியாக எடுத்து வைக்கவும். வெல்லம் நாலு பிடி, 240 கிராம். மறையூர் வாத்தியார் சொன்ன மாதிரி இரண்டாம் பாலில் கரைக்கவும். எள்ளு இரண்டு பிடி, வெடிக்கும் வரை வறுத்து ஆறிய பிறகு வெல்லத்தோடு தட்டவும். ஒரு தட்டு வேகும் நேரத்தில் முந்தின தட்டைப் பிழிந்து முடித்துவிட வேண்டும். மூன்று தட்டையும் ஒன்றாக ஏற்றாதீர்கள்.

நோட்டின் அந்தப் பக்கத்தில் மகள் தலைப்புக்குக் கீழே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாள்: "ஒரு பிடி = அம்மிச்சி கை 60, அம்மா கை 78, என் கை 41."